மெதுவாக வந்தவற்றை யாரும் எண்ணவில்லை

1

கோயில் கொடைத் திருவிழா மலருக்குக் கட்டுரை கேட்டு, ஊர்ச் சங்கத் தலைவர் சுடலைமுத்து போன் செய்தான். எனக்குத் தம்பி முறை. அதனால் அவன் இவன் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டான்.

"யக்கா, நம்ம கோமதி டாக்டர் பட்டம் வாங்கப் போறாள்லா, அதப் பத்தி நாலு பக்கம் எழுதி அனுப்புங்க. வெளியூர்ல இருக்கவங்க எழுதுத பகுதியில போடுதோம். துபாய்க்காரன் எழுதிட்டான், சிங்கப்பூர்க்காரி எழுதிட்டா. நீங்க எழுதலன்னா நல்லாவா இருக்கும்?"

"திருவனந்தபுரம் என்னடே துபாயா?" என்றேன்.

"ஊரவிட்டுப் போனா எல்லாம் ஒண்ணுதான்க்கா. கோயில் வாசல்ல பெரிய போர்டு வைக்கோம். அதுல கோமதி பேரு எப்படிப் போடணும்னு மட்டும் சொல்லிருங்க. முனைவர்னு போடவா, டாக்டர்னு போடவா? டாக்டர்னு போட்டா நம்ம ஆளுக கொடையன்னைக்கு நாக்க நீட்டிக்கிட்டு வந்து நிப்பான்."

சிரித்துவிட்டு, பிறகு சொல்கிறேன் என்றேன். அதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும். நான் எதையும் பறந்துகொண்டு செய்தவள் இல்லை. கடைசிவரை படித்துவிட்டுப் போர்டு எழுதுகிறவனிடம் போங்கள்.

என்னைத் தெரியாத பிள்ளைகளுக்காக: என் பெயர் சொர்ணம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணம் முடிந்து செங்கோட்டை வழியாக ரயிலில் மலையைக் கடந்து இங்கே வந்தேன். இந்தப் பங்குனியோடு ஐம்பது வருஷம் தாண்டுகிறது. என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அவர் இப்போது இல்லை. கடையும் இல்லை. வலியசாலையில் ஒரு மாடி வீட்டில் நானும் மகளும் இருக்கிறோம். நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்து பிறந்தவள் கோமதி. முப்பது வயது தாண்டிவிட்டது. இன்னும் படிக்கிறாள்.

நான் இதுவரை எழுதியதெல்லாம் கடிதமும் பலசரக்குச் சிட்டையும்தான். எழுத்துப் பிழை இருந்தால் மலர் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. பஸ் போர்டைப் படிக்கத் தெரியாது என்று யாரிடமும் சொன்னதில்லை. கண்ணாடியை எடுத்துவரவில்லை என்பேன். கோமதி படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவாள், ஓர் எழுத்து படிக்க மாட்டாள். பட்டத்துக்காக அவள் எழுதிய பெரிய புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது, எனக்கு ஆகாது. நான் இப்போது எழுதுவது அவளுக்கு ஆகாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருத்தி எழுதியதை மற்றவள் படிக்க முடியாது. அதனால் இதைத் தைரியமாக எழுதுகிறேன்.

2

கோமதி என்ன படிக்கிறாள் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், "கம்ப்யூட்டர் கணக்கு" என்று சொல்லி வைத்திருந்தேன். அது முழுப் பொய் இல்லை. ஆனால் சரியாகச் சொல்ல எனக்கே தெரியாமல் இருந்தது. ஒரு நாள் அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டே அவளை உட்காரவைத்துக் கேட்டேன்.

"ஈயம் தெரியும் அல்லே அம்மா? ரசம் வைக்கிற சொம்பு?"

"அது வெள்ளீயம்லா. உங்கப்பா கடையில பொறந்து வளந்துட்டு இதுகூடத் தெரியலயா? காரீயத்துல ரசம் வச்சா குடும்பமே போயிரும்."

"ஷெரி ஷெரி, காரீயம். காரீயத்தோட அணுவுக்கு நடுவில கருன்னு ஒண்ணு உண்டு. அந்தக் கரு ரெண்ட எதிரெதிரா ஓடவிட்டு மோத வைக்கிறாங்க. பூமிக்கு அடியில பெரிய வட்டமா குழாய் போட்டு."

"நீயா மோத வைக்க?"

"நான் இல்ல. ஐரோப்பாவில. நான் இங்க இருந்து கணக்குப் போடுறேன். ஓடுற வேகத்தில அது ரெண்டும் அப்பளம் மாதிரி தட்டையா வந்து மோதும். மோதின இடம் சூடாகி, அணுவுக்குள்ள இருக்கிற பொடிகூட உருகிடும். சூரியனுக்கு நடுவில இருக்கிற சூட்டவிட லட்சம் மடங்கு. உலகம் உண்டான உடனே எல்லாமே இப்படித்தான் இருந்ததாம்."

"அப்போ புகையா வருமோ?"

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. பாத்தா தண்ணி மாதிரி ஓடுது. ஒரு துளி. இதுவரைக்கும் மனுஷன் பாத்த எந்தத் தண்ணியும் அந்த மாதிரி வழுவழுன்னு ஓடினதில்ல."

அவளுடைய வேலை, அந்தத் துளி எவ்வளவு வழுவழுப்பு, எவ்வளவு பிசுபிசுப்பு என்று கண்டுபிடிப்பது. ஆனால் துளியை யாரும் பார்க்க முடியாது. கண் இமைப்பதில் கோடியில் ஒரு பங்கு ஆவதற்குள் அது ஆறி, தூளாகச் சிதறிவிடும். எந்தப் பக்கம் எத்தனை தூள் போனது என்று அங்கே ஒரு கருவி எண்ணும். இரண்டு கருவும் நேராக மோதாமல் ஓரமாக மோதினால், ஒன்றன்மேல் ஒன்று படிகிற இடம் வாதாம்பருப்புப் போல நீளமாக இருக்கும். அதன் குறுகிய பக்கமாகத் தள்ளு அதிகம், நீண்ட பக்கமாகக் குறைவு. துளி வழுவழுப்பாக ஓடினால் அந்த வித்தியாசம் தூளிலும் தெரியும். பிசுபிசுப்பாக இருந்தால் வித்தியாசம் மங்கிப்போகும். இவள், தண்ணீர் ஓடுவதற்கென்று உள்ள கணக்கை அந்தத் துளிக்குப் போட்டு, இவ்வளவு பிசுபிசுப்பு என்று வைத்தால் தூள் இப்படிச் சிதறும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பாள்.

கருவி எண்ணியது புள்ளி. இவள் போட்ட கணக்கு கோடு. கோடு புள்ளிகள்மேல் போய் உட்கார்ந்தால் கணக்கு சரி. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். இவ்வளவு போதும் என்று அவளும் சொன்னாள்.

வருஷக்கணக்காக உட்காராத கோடு ஒரு நாள் உட்கார்ந்தது. அன்றைக்கு அவள் போளியும் பால்பாயசமும் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். எப்போதும் பஸ்ஸில் வருகிறவள். அந்தப் படத்தைத் தாளில் எடுத்து, சமையல்கட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் காலண்டர் ஆணியில் மாட்டினாள். கறுப்புப் புள்ளிகள் வரிசையாக ஏறி இறங்கின. நீலக்கோடு ஒன்று அவற்றின் வயிற்றைத் தொட்டுக்கொண்டே போனது.

"எல்லாரும் சொன்னதவிட அது வழுவழுப்பு அம்மா. நான்தான் முதல்ல சொல்றேன்" என்றாள்.

நான் அப்போதே சுடலைமுத்துவுக்குப் போன் போட்டேன். போர்டு என்ற பேச்சு வந்தது அப்படித்தான். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வேலையும் சொல்லிவிட்டார்கள். சேருகிற நாளைக்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. புத்தகத்தைக் கல்கத்தாவில் ஒரு புரொபசர் அம்மா படித்து, நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். பாக்கி, எல்லார் முன்னாலும் நின்று பேசுகிற கடைசிப் பரீட்சை. அதற்கு வெள்ளிக்கிழமை குறித்தார்கள்.

3

முந்தின வாரம் ஒரு நாள் காலையில் காப்பி போடப் போனால், ஆணியில் தாள் இல்லை. காலண்டர் மட்டும் தொங்கியது.

"ஏட்டி, படத்த எங்க?"

கோமதி முகம் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பிறகு, "வா அம்மா, கல்லாறு போயிட்டு வரலாம்" என்றாள். படிப்பு முடிகிற நேரத்தில் ஆறு பார்க்கப் போகிற பெண்ணை நான் எங்கேயும் கண்டதில்லை. கேட்டால் வரமாட்டேன் என்றுவிடுவாளோ என்று கேட்காமல் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

தம்பானூரில் பஸ் ஏறி, நெடுமங்காடு தாண்டி, வித்துராவில் ஒரு சாயா குடித்து, கல்லாறில் இறங்கினோம். பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் கடைகளில் மாங்காய்க்கு உப்புப் போட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டோம். தண்ணீர் உருண்டைக் கல்லைச் சுற்றிக்கொண்டு போனது.

"அம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"யாரு அவன்?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். சிரித்தாள். சிரிப்போடே அழுகையும் வந்தது.

"அவனும் இல்ல இவனும் இல்ல. கோடு தப்பு."

"உக்காந்திருந்ததே! நான்தான் பாத்தேனே!"

"உட்கார்ந்தது. உட்கார்ந்திருக்கக் கூடாது." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அங்க பெரிய காந்தம் வச்சிருக்காங்க. சிதறி வர்ற தூளையெல்லாம் அது வளைக்கும். வேகமா வர்றது கொஞ்சமா வளைஞ்சு கருவி வரைக்கும் போய்ச் சேரும். மெதுவா வர்றது சுருண்டு சுருண்டு உள்ளயே நின்னுடும். அத ஒழுங்கா எண்ண முடியாது. அதனால ஒரு அளவுக்கு மேல வேகம் உள்ளத மட்டும்தான் அவங்க எண்ணினாங்க. படத்துக்குக் கீழ பொடி எழுத்தில சொல்லியும் இருக்காங்க. நான் மெதுவானதையும் சேத்து எண்ணிட்டேன்."

"கூடுதலா எண்ணுனது ஒரு குத்தமாட்டி?"

"அவங்க எண்ணாதத நான் எண்ணிட்டு, ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிட்டேன் அல்லே? மெதுவா வர்றதில அந்த வித்தியாசம் கம்மி. அதையும் சேத்தா மொத்தமும் குறையும். அந்தக் குறைச்சல சரிக்கட்ட நான் பிசுபிசுப்பக் குறைச்சு வச்சேன். கோடு புள்ளியில உட்கார்ந்துச்சு. இப்ப அவங்க எண்ணின மாதிரியே எண்ணினா..."

போனில் ஒரு படத்தைக் காட்டினாள். அதே புள்ளிகள். கோடு அவற்றைத் தொடவே இல்லை. எல்லாப் புள்ளிக்கும் மேலே தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

"நான் சொன்னது போச்சு. எல்லாரும் சொன்னதவிட வழுவழுப்புன்னு சொன்னேனே, அது இல்ல. பழையபடி எல்லாரும் சொன்னதுதான்."

"இந்த ஆறு மாதிரித்தான் அது ஓடுமா?" என்று கேட்டேன், அவளைத் தேற்றுகிற மாதிரி.

"இல்லம்மா. ஒண்ணும் இது மாதிரி இல்ல. என் தப்பத் திருத்தினதுக்கு அப்புறமும், இந்தத் தண்ணி அதுக்கு முன்னால பாகு."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. சாருக்கு. இப்ப உனக்கு."

போன் மறுபடி அடித்தது. சார்தான். அவள் அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

4

சார் என்றால் அவளுக்கு வழிகாட்டுகிற புரொபசர். நல்ல மனிதர். வீட்டுக்காரர் இறந்த வருஷம் இவள் படிப்பை நிறுத்தப் போனபோது, வாசலில் வந்து நின்று நிறுத்த விடாமல் செய்தவர். இந்த வருஷம் அவருக்கு ரிட்டயர்மென்ட். ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு ஏத்தன் வாழைப்பழத்தோடு வந்துவிட்டார். நான் காப்பி கொடுத்தேன்.

"அம்மா, நான் தமிழ் கொறச்சுதான் பேசும். அம்மா க்ஷமிக்கணும். கோமதி வெள்ளிக்கிழமை ஒண்ணும் பறயண்டா, சொல்ல வேண்டா. பரீட்சை முடியட்டும், பட்டம் வாங்கட்டும், பின்னே நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து திருத்தம் எழுதி அனுப்பும். மறைக்கிறதுக்கு அல்ல. பிறகு சொல்லுறது, அவ்வளவே உள்ளு."

"இப்பவே சொன்னா என்ன சார் ஆகும்?"

"புஸ்தகம் திரும்பி வரும். ஒரு அத்தியாயம் மறுபடி எழுதணும். நான் ரிட்டயர் ஆகும், புது ஆள் பிடிக்கணும். ரெஜிஸ்ட்ரேஷன் நீட்டணும், அதுக்கு அப்ளிகேஷன், அதுக்கு ஒரு கமிட்டி. ஆபீஸ் காரியம் அம்மாவுக்கு அறியும் அல்லே?"

அறியும். வீட்டுக்காரருடைய மரணச் சான்றிதழில் ஊர்ப்பேரைத் திருத்த நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு மேசையிலும் மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா என்பார்கள், நான் கண்ணாடி எடுத்துவரவில்லை என்பேன்.

"ஜெர்மனிக்காரன் நிக்க மாட்டான் அம்மா. அந்த இடம் போகும். அந்தப் பொடி எழுத்து நானும் படிச்சில்லா. தப்பு என்னோடதும்தான். ஆனா ஒரு கொழந்தையோட ஜீவிதம் ஒரு பொடி எழுத்தில போகண்டா. அம்மா பறஞ்ஞா அவ கேக்கும்."

கோமதி சமையல்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"சார் சொல்லுததுலயும் ஒரு நியாயம் இருக்குல்லாட்டி?"

"எந்த நியாயம்? உன் போர்டோட நியாயமா?"

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வெளியாள் முன்னால் அவள் என்னை அப்படிப் பேசியதில்லை. "போர்டு எனக்கா வைக்கான்? உம்பேரத்தான போடுதான்!" என்றேன்.

"என் பேரப் படிக்க எனக்கே தெரியாது அம்மா, அந்தப் போர்டில."

பிறகு சாரிடம் திரும்பி மலையாளத்தில் ஆரம்பித்தாள். கோபம் வந்தால் அவள் அந்தப் பாஷைக்குப் போய்விடுவாள். நடுநடுவே இங்கிலீஷும் வந்தது. அவ்வளவு வேகத்தில் எனக்குப் பிடிபடாது. என் வீட்டுக்குள்ளேயே நான் வாசலுக்கு வெளியில் நிற்கிற மாதிரி ஆனது. சார் எழுந்தார். செருப்பை மாட்டும்போது, "அவ எந்து செய்யும்னு எனக்கும் அறியில்லா அம்மா" என்றுவிட்டுப் படியிறங்கினார்.

அன்றிலிருந்து கோமதி என்னிடம் பேசியது, "வேண்டும்", "வேண்டாம்", "வச்சிரு". அவ்வளவுதான்.

5

ஊராருக்கு ஒன்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தப் போர்டு வேண்டும் என்று இருந்தது.

கொடைக்கு நாலைந்து தடவை வந்திருக்கிறேன். சாமி வருவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுப் பேராகக் கூப்பிட்டுப் பிரசாதம் கொடுப்பீர்கள். என் அப்பா பேரைக் கூப்பிட்டார்கள், பிறகு அண்ணன் பேரை. கட்டிக்கொடுத்த பெண்கள் புருஷன் வீட்டுக் கணக்கு என்று ஓரமாக நிற்போம். புருஷன் வீடோ மலைக்கு அந்தப்பக்கம். அங்கே போனால் நான் தமிழத்தி, ஊருக்கு வந்தால் மலையாளத்துக்காரி. "மலையாளத்துக்காரி வந்திருக்கா, தேங்காயெண்ணெய் வாசம் அடிக்கு" என்று சொல்லிச் சிரித்தது யார் என்று அவர்களுக்கே தெரியும். இப்போது என் வீட்டுப் பேரை வாசலில் எழுதப் போகிறீர்கள். அதை நான் வேண்டாமென்று சொல்லுவேனா? கோமதி அந்த வார்த்தை சொன்னபோது எனக்குச் சுட்டது அதனால்தான்.

வியாழக்கிழமை சுடலைமுத்து மறுபடியும் கூப்பிட்டான். "போர்டுக்காரன் வந்து நிக்கான்க்கா. என்ன சொல்ல?"

"நாளைக்குச் சாயங்காலம் சொல்லுதேன்."

"நாளைக்கும் இன்னைக்கும் என்னக்கா வித்தியாசம்? பரீட்சை எல்லாம் சும்மா சடங்குதானாம்லா, எம்மவன் சொன்னான்."

"ஒம்மவன் எட்டாங்கிளாஸ்ல மூணு வருசம் சடங்கு பண்ணுனவன்தான? போன வை."

அன்று கோயிலுக்குப் போனேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத மாட்டேன்.

வெள்ளிக்கிழமை கோமதி எனக்கு முன்னாலேயே போய்விட்டாள். "நீ வரணும்னா வா" என்று மட்டும் சொன்னாள். நான் ஆட்டோ பிடித்துப் போனேன். பல்கலைக்கழக வாசலில் காவல்காரர் நிறுத்தினார்.

"அம்மா எவிடுன்னா? தமிழ்நாட்டீந்நா?"

நான் சுத்தமான மலையாளத்தில்தான் வழி கேட்டிருந்தேன். ஐம்பது வருஷத்து மலையாளம். வாயைத் திறந்த மறு நிமிஷம் கண்டுபிடித்துவிட்டார்.

"வலியசாலை" என்றேன். "உள்ள எம்மக பேசப்போறா. கேக்க வந்திருக்கேன்."

அடையாள அட்டை கேட்டார். கொண்டுவரவில்லை. இந்தத் தடவை கண்ணாடி கையிலேயே இருந்தது, அட்டைதான் இல்லை. நான் நகரவில்லை. பின்னால் வண்டி வரிசையாக நின்று ஹாரன் அடித்தது. கடைசியில் உள்ளே போன் செய்து கேட்டுவிட்டு, போங்கள் என்றார்.

அறை குளிர்ந்து கிடந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சார் முன்னால் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் கல்கத்தா அம்மா, கையில் கோமதியின் தடிப் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. கோமதி பருத்திப் புடவை கட்டியிருந்தாள். என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

எல்லாம் இங்கிலீஷ். ஆனால் படங்கள் எனக்குத் தெரிந்தவை. இரண்டு அப்பளம் வந்தன. மோதின. வாதாம்பருப்பு வந்தது, சிவப்பாகவும் மஞ்சளாகவும் விரிந்தது, தூளாகச் சிதறியது. அதன்பிறகு திரை வெளுத்து, புள்ளிகள் வந்தன. முருகன் பக்கத்தில் தொங்கிய அதே புள்ளிகள். தினமும் காப்பி ஆற்றும்போது பார்த்த புள்ளிகள். எந்த இடத்தில் ஏறும், எந்த இடத்தில் இறங்கும் என்று எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

கோடு இன்னும் வரவில்லை. கோடு எங்கே வரும் என்பதில்தான் எல்லாம் இருந்தது. அவள் என்ன பேசுகிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டியதே இல்லை. முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

கோமதி கையில் இருந்ததை அமுக்கினாள். நீலக்கோடு வந்தது. புள்ளிகளின் வயிற்றைத் தொட்டுக்கொண்டே போய், அந்தக் கடைசிவரை உட்கார்ந்தது.

சார் நாற்காலியில் சாய்ந்தார். எனக்கும் மூச்சு வந்தது. சொல்லவில்லை. பட்டம் வந்துவிடும், ஜெர்மனி வந்துவிடும், போர்டு வந்துவிடும். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை. பழைய எண்ணெயில் பொரித்ததைத் தின்ற மாதிரி நெஞ்சிலே நின்றது.

கோமதி பேச்சை நிறுத்தியிருந்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள், இந்தத் தடவை பார்த்த மாதிரியே பார்த்தாள். மறுபடி அமுக்கினாள்.

சிவப்புக்கோடு வந்தது. புள்ளிகளைத் தொடாமல், எல்லாவற்றுக்கும் மேலே, தன்னந்தனியாக.

அதற்குமேல் அவள் மெதுவாகப் பேசினாள். ஒரு வார்த்தையும் விழுங்கவில்லை. சார் கண்ணை மூடிக்கொண்டார். கல்கத்தா அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தேடி எடுத்து, கேள்வி கேட்க ஆரம்பித்தார். கடுமையான குரல். ஒன்று முடிவதற்குள் அடுத்தது. கோமதி பலகையில் எழுதி எழுதிப் பதில் சொன்னாள். நடுவில் ஒரு தடவை, தெரியாது என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். எனக்கு எழுந்து போய் அந்த அம்மாவின் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள். வராந்தாவில் அவளோடு படிக்கிற பிள்ளைகள் கூட்டமாக நின்று கிசுகிசுத்தார்கள். யாரும் அவள் பக்கத்தில் போகவில்லை. நான் போனேன். கையைப் பிடித்தேன். அவளுடைய கை ஐஸாக இருந்தது. என் கையைத் தள்ளிவிடவில்லை.

கதவு திறந்து சார் வந்தார். அவளிடம் மலையாளத்தில் சொன்னார், பிறகு எனக்காகத் தமிழில். "பட்டம் இப்போ இல்லம்மா. வழி சரியாணு, கணக்குப் போட்ட ரீதி சரியாணு, அந்த ஒரு அத்தியாயம் மாத்தணும். ஆறு மாசம் கழிஞ்ஞு பின்னேயும் வந்து பேசணும். அந்தக் கல்கத்தா அம்மா சொன்னாங்க, இவ சொல்லியில்லெங்கில் நானும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்னு." கதவைச் சாத்திவிட்டு, "நான் பறயண்டான்னு சொன்னது அம்மா மறக்கணும்" என்றார்.

"நானும் சொன்னேன் சார்" என்றேன்.

6

பஸ்ஸில் திரும்பினோம். ஆட்டோவுக்குக் கை காட்டப் போனேன், அவள் வேண்டாம் என்றாள். ஜன்னல் ஓரம் எனக்குக் கொடுத்தாள்.

"உனக்கு வருத்தம் உண்டா அம்மா?"

"உண்டு. இல்லன்னு சொன்னா நம்புவியா?"

"நம்ப மாட்டேன்."

"நீலக்கோடு வந்தப்போ நீ சொல்ல மாட்டன்னு நெனச்சேன்" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அதோட நிறுத்திடலாம்னு ஒரு நிமிஷம் இருந்துச்சு. அப்புறம் பாத்தா, நீ அந்தக் கோட்டப் பாத்துட்டு மூஞ்ச ஒரு மாதிரி வச்சிருந்த. கெட்டுப்போன சாம்பார மோந்து பாக்கிற மாதிரி."

"எம்மூஞ்சியே அதுதாண்டி."

"அதுவும் ஷெரிதான்" என்றாள். கிழக்கேகோட்டை வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தோம். எதிர் சீட்டில் இருந்தவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பட்டம் கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

ஜெர்மனிக்கு அவளே அன்றைக்கு எழுதினாள். பதில் மரியாதையாக வந்தது, அந்த இடத்தை இவ்வளவு நாள் வைத்திருக்க முடியாதென்று. இன்னொன்று வரும் என்கிறாள். வராமலும் போகலாம். முப்பது வயது தாண்டின பெண்ணுக்கு எத்தனை தடவை வரும் என்று எனக்குத் தெரியாது. சார் ரிட்டயர் ஆனபிறகும் வழிகாட்டியாக இருப்பேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதம் எந்த மேசையில் இருக்கிறதோ, அதன் பின்னால் கோமதி நடக்கிறாள். சில நாள் நானும் போகிறேன். நேற்று அந்த ஆபீசில் ஒரு பெண், இதைப் படித்துப் பாருங்கள் அம்மா என்று ஒரு மலையாளத் தாளை நீட்டினாள். எனக்கு இந்தப் பாஷை படிக்க வராது என்று சொல்லிவிட்டேன். முதல் தடவையாக. அவள் வாசித்துக் காட்டினாள். அவ்வளவுதான் விஷயம்.

சமையல்கட்டு ஆணியில் இப்போது சிவப்புக்கோட்டுப் படம் தொங்குகிறது. மாட்டியது நான்தான். கோடு இறங்கிப் புள்ளிக்கு வரும்வரை இதுதான் அங்கே இருக்கும்.

இனி சுடலைமுத்து கவனமாகப் படி. பேரைக் கோமதி என்று போடு. முன்னால் ஒன்றும் வேண்டாம். போர்டுக்காரன் அவசரப்பட்டு முனைவர் என்று எழுதி முடித்திருந்தால், அந்த இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டு. கொடைக்கு வருகிறவர்கள் இது என்ன தாள் என்று கேட்பார்கள். கேட்கட்டும். பெற்றவள் சொல்லி ஒட்டினோம் என்று சொல். முழுக்கப் பசை தடவாதே, நாலு ஓரத்திலும் லேசாகத் தடவினால் போதும். அடுத்த கொடைக்கு நானே வந்து கிழிப்பேன்.